லானி ஹோலியின் இசைத்தட்டுகள்: எதில் தொடங்கலாம், எதை வாங்கலாம்

முதலில் வாங்க வேண்டியது 2023-இல் வந்த ‘ஓ மீ ஓ மை’. வீட்டில் என்றைக்கும் இருக்க வேண்டியது 2018-இல் வந்த ‘மித்’. லானி ஹோலியின் இசையைக் கேட்க நினைப்பவருக்கு இவ்வளவு தெரிந்தாலே கடைக்குப் போகலாம். ஆனால் பலர் ‘மித்’திலுள்ள, பதினேழு நிமிடத்துக்கும் மேலே ஓடும் பாடலை முதலில் போட்டுவிட்டு, பல்லவி இப்போது வரும், இதோ வரும் என்று காத்திருந்து, கடைசியில் சலித்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். அந்த இசை எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் அந்தச் சலிப்பு வராது. அதற்கு அவருடைய சிற்பங்களிலிருந்து தொடங்க வேண்டும். முதல் ஆல்பம் வெளிவந்தபோது அவருக்கு வயது 62. அதற்கு முன்பு முப்பது ஆண்டுக்கும் மேலாக அவர் சிற்பியாகத்தான் அறியப்பட்டார். இரண்டு வேலைக்கும் முறை ஒன்றே.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகரில், 1950 பிப்ரவரி 10 அன்று பிறந்தவர் ஹோலி. தாய்க்கு 27 பிள்ளைகள், இவர் ஏழாவது. சின்னஞ்சிறு வயதிலேயே தாயைப் பிரிந்து, விஸ்கி விற்கும் வீட்டிலும் பொருட்காட்சித் திடலிலும் வளர்ப்புக் குடும்பங்களிலுமாக வளர்ந்தார். ஐந்து வயதில் திறந்தவெளித் திரையரங்கில் குப்பை பொறுக்கும் வேலை. பதினோரு வயதில், மவுண்ட் மெய்க்ஸ் என்ற ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று மாநில அரசு நடத்திய சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பெயர்தான் பள்ளி, பிள்ளைகள் கண்டது பருத்திக் காட்டு வேலையும் அடியும். பதினான்கு வயதில் பாட்டி வந்து அவரை மீட்டுக்கொண்டு போனார். பிறகு சமையல் வேலை உட்படக் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். இசைத்தட்டு வாங்குகிறவருக்கு இந்த விவரமெல்லாம் எதற்கு என்றால், ‘ஓ மீ ஓ மை’யில் மவுண்ட் மெய்க்ஸ் என்ற பெயரிலேயே ஒரு பாடல் இருக்கிறது; 2025-இல் வந்த ‘டாங்கி’ (Tonky) ஆல்பத்தின் முதல் பாடலும் அந்த வயல்களுக்கே திரும்பிப் போகிறது. அங்கே நடந்தது தெரியாமல் கேட்டால், அந்தப் பாடல்களில் தாளம் ஏன் இப்படி நிலைகொள்ளாமல் ஓடுகிறது என்பது விளங்காது.

1979-இல் அவருடைய சகோதரியின் இரண்டு பிள்ளைகள் வீட்டில் பிடித்த தீயில் இறந்தார்கள். அவர்களுக்கான கல்லறைக் கற்களை ஹோலியே செதுக்கினார். சகோதரி வீட்டுக்கு அருகே இருந்த பவுண்டரி, வார்ப்பு வேலையில் மிஞ்சிய மணற்கட்டிகளைக் குவித்துப் போட்டிருந்தது. அவற்றிலிருந்து எடுத்தவைதான் அந்தக் கற்கள். அதுவே அவருடைய கலை வாழ்க்கையின் தொடக்கம். பிற்பாடு அவருக்கு ‘மணல் மனிதர்’ என்ற பட்டப்பெயர் வந்ததும் இதனால்தான்.

இந்த மணற்கட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பர்மிங்ஹாம் இரும்பு நகரம். இரும்புத் தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் அருகருகே கிடைத்ததால் வளர்ந்த ஊர். 1904-இல் வார்த்த 56 அடி உயர வல்கன் சிலை இன்றும் அங்கே மலைமேல் நிற்கிறது. குழாய் போல உள்ளே பொள்ளலாக இருக்க வேண்டிய வார்ப்புக்கு அச்சின் நடுவே மணலால் செய்த ஓர் உருவை வைப்பார்கள். கோயம்புத்தூர் பவுண்டரிகளில் ‘கோர்’ என்று சொல்வது இதைத்தான். சிலிக்கா மணலோடு எண்ணெயோ ரெசினோ கலந்து, பெட்டியில் திணித்து, இறுக வைப்பார்கள். உருகிய உலோகம் அதைச் சுற்றிப் பாய்ந்து உறையும். அந்தச் சூட்டில் மணலைப் பிடித்திருந்த பிசின் எரிந்துவிடுவதால், பிறகு தட்டினால் மணல் உதிர்ந்து வெளியே வந்துவிடும். பிசின் முழுக்க எரியாத பகுதி மட்டும் கட்டியாகவே நிற்கும். அதற்குப் பவுண்டரியில் வேலை இல்லை, குப்பைமேட்டுக்குப் போகும்.

அந்தக் கட்டி இயற்கை மணற்கல்லைப் போலத் தோன்றினாலும் அதைவிட மெத்து. உளியும் சம்மட்டியும் வேண்டாம். சாதாரணக் கத்தி போதும். அதன் பலவீனமும் இதுவே. நீட்டிக்கொண்டிருக்கும் விரல், கூர்மையான மூக்கு எதுவும் தாங்காது. விளிம்பு பொடியும். வெட்டவெளியில் வைத்தால் மழை அரிக்கும். ஆகவே ஹோலியின் மணற்சிற்பங்களில் முகங்கள் கட்டியை விட்டுப் பிரியாமல், ஒன்றன் பக்கவாட்டிலிருந்து இன்னொன்று முளைப்பது போலப் பிணைந்திருக்கும். பொருள் எதை அனுமதிக்கிறதோ அதைச் செய்வது, அனுமதிக்காததை வற்புறுத்தாமல் விடுவது என்ற பழக்கம் அவருக்கு இங்கே வந்தது. அவர் பாட்டிலும் அதையே கேட்கலாம்.

1981-இல் சில மணற்சிற்பங்களை எடுத்துக்கொண்டு நேரே பர்மிங்ஹாம் கலை அருங்காட்சியகத்துக்குப் போனார். இயக்குநர் ரிச்சர்ட் மரே உடனே சிலவற்றைக் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டு வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் நடந்த அப்பலாச்சியப் பகுதிக் கலைக் கண்காட்சியிலும் ஹோலியின் வேலை இடம்பெற்றது. எண்பதுகளின் நடுவிலேயே அவர் மணலோடு நிற்காமல், தெருவிலும் குப்பையிலும் கிடைத்த எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டத் தொடங்கிவிட்டார். வீட்டு முற்றமும் பக்கத்துக் காலி மனைகளும் கம்பி, வேர், உடைந்த நாற்காலி, செருப்பு, தொலைக்காட்சிப் பெட்டி என்று நிரம்பி ஒரே பெரிய படைப்பாக ஆயின. அட்லாண்டாவைச் சேர்ந்த கலைச் சேகரிப்பாளர் பில் ஆர்னெட் அவரைத் தேடி வந்ததும் இந்தக் காலத்தில்தான். தார்ன்டன் டயல் என்ற பெருங்கலைஞரை ஆர்னெட்டுக்கு அறிமுகம் செய்துவைத்தவர் ஹோலி. இதற்காக மட்டுமே கூட அமெரிக்கக் கலை வரலாறு அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

அந்த முற்றம் இன்று இல்லை. விமான நிலைய விரிவாக்கத்துக்காக அந்த நிலத்தைக் கையகப்படுத்தப்போவதாக 1996-இன் இறுதியில் அறிவிப்பு வந்தது. சந்தை மதிப்பு என்று சொல்லி விமான நிலைய நிர்வாகம் தர முன்வந்தது 14,000 டாலர். நிலத்துக்கு மட்டும் விலை போட்டு, அதன்மேல் நிற்கும் கலைக்குப் போடாதது ஏன் என்று ஹோலி 2,50,000 டாலர் கேட்டார். வழக்கு நீதிமன்றம் போய், 1997-இல் 1,65,700 டாலருக்கு முடிந்தது. குடும்பத்தோடும் மிஞ்சிய படைப்புகளோடும் அலபாமாவிலேயே உள்ள ஹார்ப்பர்ஸ்வில்லுக்குக் குடிபெயர்ந்தார், பிற்காலத்தில் அட்லாண்டாவுக்கு. ஓரிடத்தில் நின்று அந்த இடத்துக்காகவே கட்டப்பட்ட படைப்பைப் பெயர்த்து லாரியில் ஏற்றினால் அது பழைய படைப்பாக இருக்காது. பதிவு செய்து வைக்க வேண்டும் என்ற தவிப்பு அவருடைய இசையில் இவ்வளவு வலுவாக ஒலிப்பதற்கு இந்த இழப்பும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

1986-இல் அவர் செய்த ஒரு படைப்பு இசைக்கும் சிற்பத்துக்கும் நடுவில் நிற்கிறது. பழைய கிராமபோனின் மேல்பகுதி, அதில் ஒரு இசைத்தட்டு, தட்டின்மேல் ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விலங்கின் மண்டையோடு. மூன்றே பொருள். எதையும் அவர் வண்ணம் பூசி மறைக்கவில்லை. எது எங்கே இணைகிறது என்பது வெளிப்படையாகத் தெரிகிறது. 2013-இல் வந்த அவருடைய இரண்டாவது ஆல்பமான ‘கீப்பிங் எ ரெக்கார்ட் ஆஃப் இட்’ இதே தலைப்பைச் சுமக்கிறது. இந்தச் சிற்பத்தின் படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எந்த ஆல்பத்தைக் கேட்டாலும் காது தயாராகிவிடும்.

இனி இசைக்கு வருவோம். முறையான முதல் ஒலிப்பதிவு 2006-இல், அலபாமாவின் ஒரு தேவாலயத்தில், முன்திட்டம் ஏதும் இல்லாமல் நடந்தது. ஹோலிக்கு ஸ்வரக் குறிப்பு படிக்கத் தெரியாது. கீபோர்டில் பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளிலேயே வாசிப்பார். நம் காதுக்கு இதன் விளைவு உடனே பிடிபடும். கறுப்புக் கட்டைகள் ஐந்தும் சேர்ந்தால் மோகனம். எந்தக் கட்டையை ஆதார சட்ஜமாக வைத்துக்கொள்கிறீர்களோ அதைப் பொறுத்து அதே ஐந்தும் மத்யமாவதியாகும், ஹிந்தோளமாகும், சுத்த சாவேரியாகும், சுத்த தன்யாசியாகும். இந்த ஐந்தில் எந்த இரண்டுக்கும் இடையே அரை ஸ்வர இடைவெளி இல்லை. அதனால் எந்த இரண்டை ஒன்றாக அழுத்தினாலும் கடித்துக்கொள்ளாது. பாடம் கற்காத ஒருவர் கையைப் பற்றிக் கவலைப்படாமல் முழுக் கவனத்தையும் குரலிலும் சொல்லிலும் வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. அதற்கான விலையும் உண்டு: அவர் தனியாக வாசிக்கும்போது இசை ஓரிடத்திலேயே வட்டமடிக்கும், வேறு ஸ்தானத்துக்கு நகராது. மற்றவர்கள் சேரும் ஆல்பங்கள் ஏன் அவ்வளவு வேறாக ஒலிக்கின்றன என்பதற்கும் விடை இதில் இருக்கிறது.

சொற்களும் முன்கூட்டி எழுதப்பட்டவை அல்ல. பதிவின்போது வாயில் வருவதுதான் பாட்டு. மேடையில் அதே பாடலை மறுபடி பாட மாட்டார். ஒவ்வொரு கச்சேரியும் புதிது. ஆல்பத்தில் பிடித்த பாட்டை நேரில் கேட்கலாம் என்று நுழைவுச்சீட்டு வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஆகவே ஒவ்வொரு தட்டையும் மதிப்பிட ஒரே ஒரு கேள்வி உதவும். இதில் ஹோலிக்குக் கிடைத்த பொருள் என்ன, அதை யார் கொண்டுவந்து போட்டார்கள்?

2012-இல் வந்த ‘ஜஸ்ட் பிஃபோர் மியூசிக்’கில் பெரும்பாலும் அவர் கீபோர்டும் அவர் குரலும்தான். பழைய பதிவுகளைத் தேடியெடுத்து மறுவெளியீடு செய்வதில் பெயர்பெற்ற அட்லாண்டா நிறுவனம் டஸ்ட்-டு-டிஜிட்டல் வெளியிட்டது. கீபோர்டின் ஆயத்த ஒலிகள் மலிவாகத்தான் கேட்கும். குரலில் எதிரொலி தாராளம். பாடல்கள் நீளம். இதை முதலில் வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம். மற்ற இரண்டு மூன்றைக் கேட்டு அந்தக் குரலோடு பழகிய பிறகு இங்கே வந்தால், கலப்பே இல்லாத ஹோலியை இதில்தான் கேட்க முடியும் என்பது புரியும். ‘கீப்பிங் எ ரெக்கார்ட் ஆஃப் இட்’ அதே நிறுவனத்தின் வெளியீடு. டியர்ஹன்டர் குழுவின் பிராட்ஃபோர்ட் காக்ஸும் பிளாக் லிப்ஸ் குழுவின் கோல் அலெக்சாண்டரும் இதில் சேர்ந்திருக்கிறார்கள். முதல் ஆல்பத்தைவிட ஒலி கொஞ்சம் விரிந்திருக்கிறது. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதை எடுக்கலாம்.

‘மித்’ ஜாக்ஜாகுவார் நிறுவனத்தின் வழியாக 2018 செப்டம்பரில் வந்தது. ஐந்து ஆண்டுகளாகப் போர்ச்சுகலின் போர்ட்டோ, ஓரிகன் மாநிலத்தின் காட்டேஜ் க்ரோவ், நியூயார்க், அட்லாண்டா என்று பல இடங்களில் பதிவானது. இங்கே அவருக்குக் கிடைத்த பொருள் உயர்ந்தது. டேவ் நெல்சனின் ட்ராம்போன், மார்லன் பாட்டனின் ட்ரம்ஸ், இருவரும் சேர்ந்து நெல்சன் பாட்டன் என்ற பெயரில் இயங்குகிறவர்கள். நெல்சன் ஊதிய வரியையே லூப்பாகச் சுழலவிட்டு அதன்மேல் அடுத்த வரியை ஊதுவார். பாட்டன் ட்ரம்ஸ் அடித்துக்கொண்டே காலால் மூக் என்ற மின்னணு பேஸ் பெடல்களை மிதிப்பார். இருவர் வாசிப்பது ஆறு பேர் வாசிப்பது போல ஒலிக்கும். இன்னும் முக்கியமாக, அந்த லூப்கள் ஹோலிக்கு வழிவிட்டு நிற்கும். அவர் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நீட்டினால் ட்ராம்போனும் காத்திருக்கும். அவர் திடீரென்று உரக்கப் போனால் ட்ரம்ஸ் உடனே எழும்.

முதலில் சொன்ன பதினேழு நிமிடப் பாடல் அடிமைக் கப்பலில் தொடங்கி விண்வெளி வரை போகிறது. அதில் பல்லவி இல்லை. கேட்கும் வழி இது: முதல் ஐந்து நிமிடம் சொல்லை விட்டுவிட்டு ட்ராம்போன் லூப்பை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அது தானாகவே ஆதார சுருதி போல மனதில் நின்றுவிடும். பிறகு ஹோலி அதிலிருந்து எவ்வளவு தூரம் விலகுகிறார், எப்போது திரும்புகிறார் என்று பார்த்தால் நேரம் போவதே தெரியாது. இந்த ஆல்பத்தின் தலைப்புகளில் ஒன்றில் வசைச்சொல் உண்டு; அமெரிக்கா பற்றிய கோபம் கொதிக்கும் பாடல் அது. குழந்தைகளோடு கேட்பவர்கள் கவனிக்கவும். கடைசிப் பாடல் அதற்கு நேர்மாறாக, லேசாக ஆடவைக்கும். பத்துப் பாடல்களும் வரிசையாகக் கேட்க வேண்டியவை. ஷஃபிளில் போட்டால் அந்தக் கடைசிப் பாட்டு நடுவில் வந்து விழுந்து அர்த்தமில்லாமல் போய்விடும்.

2020-இல் வந்த ‘நேஷனல் ஃப்ரீடம்’ ஐந்து பாடல்கள் கொண்ட சிறு வெளியீடு. ரிச்சர்ட் ஸ்விஃப்ட் என்ற தயாரிப்பாளரோடு பதிவு செய்தது. தலைப்பு ஸ்விஃப்டின் ஒலிப்பதிவுக் கூடத்தின் பெயர். அவர் 2018-இல் காலமானார். மற்ற எல்லாவற்றையும்விட இதில் ப்ளூஸ் வாடை தூக்கல், ஒலி கரடுமுரடு. ஏழு வெளியீடுகளில் அதிகம் பேசப்படாதது இது, பேசப்பட வேண்டியது.

‘ப்ரோக்கன் மிரர்: எ செல்ஃபி ரிஃப்ளெக்‌ஷன்’ 2021-இல் இசைக்கலைஞர் மேத்யூ ஈ. வைட்டோடு சேர்ந்து செய்தது. வர்ஜீனியாவின் ரிச்மண்டில் வைட்டும் அவருடைய குழுவும் முன்பே வாசித்து வைத்திருந்த இசைத்துண்டுகளைப் போட்டுக்காட்ட, ஹோலி அவற்றின்மேல் பாடினார். பாடல் தலைப்புகளைப் பார்த்தாலே இது தெரியும்: ஒவ்வொன்றிலும் ஒரு சாய்கோடு, அதற்கு முன் ஹோலி வைத்த பெயர், அதற்குப் பின் வைட்டின் ‘காம்போசிஷன்’ எண். முற்றத்தில் கிடந்த கம்பியை எடுத்து வளைத்த அதே முறை இங்கே அப்பட்டமாக இருக்கிறது. பலன் பாதிக்குப் பாதி. பொருள் ஏற்கெனவே இறுகிவிட்டது, அது அவருக்காக வளையாது. ட்ரம்ஸும் பேஸும் நெருக்கமாக அடைத்துக்கொண்டு ஓடும்போது அவர் குரலுக்கு மூச்சுவிட இடமில்லாத நிமிடங்கள் உண்டு. எழுபதுகளின் மின்சார ஜாஸும் ஃபங்கும் பிடித்தவர்கள் இதை முதலில் வாங்கினாலும் மகிழ்வார்கள். மற்றவர்களுக்கு இது ஆறாவதோ ஏழாவதோ வாங்க வேண்டிய தட்டு.

‘ஓ மீ ஓ மை’ 2023 மார்ச் 10 அன்று வந்தது. தயாரிப்பு ஜாக்நைஃப் லீ, ஆர்.இ.எம். குழுவின் கடைசி இரண்டு ஆல்பங்களைத் தயாரித்தவர். அந்தக் குழுவின் மைக்கேல் ஸ்டைப் தலைப்புப் பாடலில் பாடுகிறார். மூர் மதர், ஷாரன் வான் எட்டன், பான் ஐவர், மாலி நாட்டுப் பாடகி ரோக்கியா கோனே என்று விருந்தினர் பட்டியல் நீள்கிறது. பெயர்களைப் பார்த்து, வயதான கலைஞரை நட்சத்திரங்கள் சூழ்ந்து மூடிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். லீ அவர்களை அளந்து வைத்திருக்கிறார். ஸ்டைப் ஒரு சொற்றொடரைத் திரும்பத் திரும்பப் பாடுவதோடு சரி. அந்தத் திரும்பல்தான் மற்ற ஆல்பங்களில் இல்லாத பல்லவி. புதிதாகக் கேட்பவருக்குப் பிடிமானம் கிடைக்கிறது, ஹோலி தன் போக்கில் அலையவும் முடிகிறது. பதினோரு பாடல்களும் நீளத்தில் கட்டுப்பாடானவை.

இதன் உச்சம் ஐந்தாவதாக வரும் மவுண்ட் மெய்க்ஸ் பாடல். அதற்கு முன்னால் உள்ள பாடல்களின் அமைதியை நம்பி ஒலியைக் கூட்டி வைத்திருப்பவர்கள் திடுக்கிடுவார்கள். அங்கே நடந்ததை ஹோலி அழுது சொல்வதில்லை. சாட்சி சொல்வது போல, என்ன செய்யச் சொன்னார்கள், எப்படி அடித்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறார். பின்னால் தாளம் சிதறி ஓடுகிறது. அறுபது ஆண்டு கழித்து ஒரு மனிதர் இதைச் சொல்லக் கேட்பது சுலபமல்ல. கேட்டே ஆக வேண்டியது. குறை என்று சொன்னால், லீயின் கத்தரி சில இடங்களில் சீக்கிரமே வெட்டிவிடுகிறது. ஹோலி சூடுபிடிக்க ஐந்தாறு நிமிடம் எடுப்பவர். இங்கே சில பாடல்கள் அவர் சூடாகும் நேரத்தில் முடிகின்றன. ‘மித்’தும் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

2025 மார்ச்சில் வந்த ‘டாங்கி’யும் லீயின் தயாரிப்பே. தலைப்பு ஹோலியின் சிறுவயதுச் செல்லப்பெயர். முதல் பாடல் சுமார் ஒன்பது நிமிடம். அவர் இதுவரை பதிந்தவற்றில் முதல் மூன்றுக்குள் வைக்கலாம். தாளம் மெல்ல மெல்லக் கூடுகிறது, இசைக்கருவிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன, ஆனால் ஹோலியின் குரல் மட்டும் தொடங்கிய நிதானத்திலேயே இருக்கிறது. அந்த ஒன்றுக்காகவே தட்டை வாங்கலாம். அதன்பிறகு பில்லி வுட்ஸ், சால் வில்லியம்ஸ், ஓபன் மைக் ஈகிள் என்று ராப் கலைஞர்களும், யாழ் போன்ற ஹார்ப் வாசிக்கும் மேரி லாட்டிமோரும் வருகிறார்கள். ராப் என்பது எழுதித் திருத்திப் பழகி வருவது; ஹோலியினுடையது அந்த நிமிடத்தில் பிறப்பது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சில இடங்களில் விருந்தினரின் கூர்மை முந்திக்கொண்டு, சொந்த ஆல்பத்திலேயே ஹோலி பின்வரிசைக்குப் போகிறார். ஆனால் ஒரு பாட்டில் ஜோ மின்டரின் குரல் வருகிறது. பர்மிங்ஹாமில் தன் வீட்டு நிலம் முழுக்கப் பழம்பொருட்களால் ஒரு பெரும் கலைவெளியைக் கட்டிவருகிற மூத்த கலைஞர் அவர். ஹோலியின் முற்றம் போய்விட்ட ஊரில் மின்டரின் முற்றம் இருக்கிறது என்பது தெரிந்தவர்களுக்கு அந்தச் சில நொடிகள் பெரிது.

எந்த வடிவில் வாங்குவது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் இசைத்தட்டின் ஒரு பக்கம் 20 முதல் 22 நிமிடம் வரை நன்றாக ஒலிக்கும். அதற்குமேல் திணித்தால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலியளவு குறையும், தட்டின் உட்பகுதியில் சத்தம் பிசிறும். பேஸ் அதிகமுள்ள இசைக்கு இன்னும் அகலமான பள்ளம் தேவை. ‘மித்’ ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடுவதால் இரட்டைத் தட்டாகத்தான் வரும்; அந்த நீண்ட பாடல் ஏறக்குறைய ஒரு பக்கத்தையே எடுத்துக்கொள்ளும். எழுந்துபோய்த் தட்டைத் திருப்புவது தொந்தரவு என்பவர்கள் டிஜிட்டலில் வாங்கலாம். பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியும். வெளிநாட்டுத் தட்டுக்கு ஆகும் கூரியர் செலவும் சுங்கமும் மிச்சம். இறக்குமதித் தட்டு வரவழைப்பதாக இருந்தால் கோடையைத் தவிர்த்துவிடுங்கள். 60 டிகிரி செல்சியஸை நெருங்கினால் வினைல் இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் அந்தச் சூடு வந்துவிடும். வளைந்த தட்டை வீட்டில் சரிசெய்ய முயல்வது வீண். வந்ததும் பிரித்து, சமதளத்தில் வைத்துப் பார்த்து, வளைந்திருந்தால் அன்றே படமெடுத்துத் திருப்பி அனுப்புங்கள். வைத்துக்கொள்ளும் தட்டை நிற்க வைத்தே அடுக்க வேண்டும்.

கேட்கும் கருவி விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் கைபேசியின் சொந்த ஸ்பீக்கர் கூடாது. சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் ஒலி மங்கிவிடும். பாட்டனின் பெடல் பேஸ் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கிறது. ‘மித்’தைக் கைபேசியில் போட்டால் கேட்பது தரையில்லாமல் மிதக்கும் ட்ராம்போனும் குரலும் மட்டுமே; அப்படிக் கேட்டால் இசை ஒல்லியாக இருப்பதாகத் தோன்றும். காதை முழுக்க மூடும் சாதாரண ஹெட்போன் போதும். சமப்படுத்தியில் (ஈக்வலைசர்) பேஸைக் கூட்ட வேண்டாம். கூட்டினால் ஹோலியின் கீழ்ஸ்தாயிக் குரலும் அதோடு சேர்ந்து குழம்பும், சொல் விளங்காது. அலபாமா உச்சரிப்புப் பழகாதவர்களுக்குச் சொல் பிடிபட இரண்டு மூன்று முறையாவது கேட்க வேண்டியிருக்கும்.

தேடும்போது ஒரு சிறு சிக்கல்: ‘ப்ரோக்கன் மிரர்’ பல செயலிகளில் மேத்யூ ஈ. வைட்டின் பெயரில் முதலில் பதிவாகியிருக்கும், ஹோலியின் பக்கத்தில் கீழே எங்கோ கிடக்கும். இரண்டு பெயரையும் சேர்த்துப் போட்டால் கிடைத்துவிடும். வாங்கும் வரிசை ‘ஓ மீ ஓ மை’, ‘மித்’, ‘நேஷனல் ஃப்ரீடம்’, ‘டாங்கி’, ‘கீப்பிங் எ ரெக்கார்ட் ஆஃப் இட்’. மற்ற இரண்டும் அதற்குப் பிறகு, உங்கள் காது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பொறுத்து.